சுடாத தீ

மலேசியத் தமிழர்கள் ‘சர்க்கரை நோய்’ என்று சொல்வது குறைவு. வீட்டில், கடையில், கிளினிக் வரிசையில், எங்கே காதில் விழுந்தாலும் அது ‘இனிப்புநீர்’தான். மலாயிலும் ‘கென்சிங் மானிஸ்’, பொருள் அதேதான். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் பூமாலை கட்டுகிறவரைக் கேட்டாலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பலகாரக் கடை வைத்திருப்பவரைக் கேட்டாலும், “எனக்கும் இனிப்புநீர் இருக்கு” என்று சர்வசாதாரணமாகப் பதில் வரும். நோயின் பெயரிலேயே சிறுநீர் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டே இருபது முப்பது வருடம் ஓட்டியவர்களில் எத்தனையோ பேர் தங்கள் சிறுநீரை ஒரு முறைகூடச் சோதித்ததில்லை. விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்ப்பதோடு சரி.

என் பெரியப்பாவும் அந்தக் கூட்டத்தில் ஒருவர்தான். தோட்டத்தில் பிறந்து, கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டி, ஓய்வு பெற்றவர். இப்போது வாரத்தில் மூன்று நாள், விடிவதற்கு முன்பே, ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில் இருக்கும் ரத்தச் சுத்திகரிப்பு மையத்துக்குப் போகிறார். ஒரு பக்கம் மாமாக் கடை, மறுபக்கம் டயர் கடை. “ரத்தம் கழுவிட்டு வந்துடறேன்” என்பார், ஏதோ துணி துவைக்கப் போவதுபோல. அவரை இறக்கிவிட்டுவிட்டு நான் பக்கத்தில் பசியாறப் போவேன். சுத்திகரிப்புக்கு நான்கு மணி நேரம். எனக்கு ரொட்டி சானாய்க்குப் போக மூன்றரை மணி நேரம் மிச்சம்.

போன வருடம் அவருக்கு ஹீமோகுளோபின் ஏற மறுத்தது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தசோகை வருவது வழக்கம்தான். எலும்பு மஜ்ஜையிடம் ‘சிவப்பணு உண்டாக்கு’ என்று சொல்லும் எரித்ரோபாய்ட்டின் ஹார்மோன் சிறுநீரகத்திலிருந்துதான் வருகிறது. அதை ஊசியாகப் போடுவார்கள். அவருக்கும் போட்டார்கள், அளவைக் கூட்டினார்கள், இரும்புச்சத்தும் நரம்பு வழியாக ஏற்றினார்கள். எண் நகரவில்லை. ஒருநாள் அங்கிருந்த மூத்த மிஸ்ஸி, அதாவது தாதி, அவர் எதிரே வந்து நின்று, “அங்கிள், வாயத் திறங்க, பல்லப் பாக்கணும்” என்றார். பெரியப்பா என்னைப் பார்த்தார். ரத்தம் ஏறாததற்கும் பல்லுக்கும் என்ன உறவு என்று எனக்கும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளப் போன இடத்தில் கிடைத்தவைதான் கீழே வருபவை.

‘அழற்சி’ என்ற சொல்லுக்குள் அழல் இருக்கிறது. நெருப்பு. மேற்கத்திய மருத்துவமும் இதற்குத் தீயின் பெயரைத்தான் வைத்தது. முதலாம் நூற்றாண்டு ரோமானியரான செல்சஸ் அதற்கு நான்கு அடையாளங்களை எழுதிவைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. முள் குத்திய விரலில் இந்த நான்கையும் எந்தக் குழந்தையும் காட்டும். சிறுநீரகத்துக்குள் வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியில் இந்த நான்கில் ஒன்றுகூட வெளியே தெரியாது. கல் அடைத்தால் துடிக்கிறோமே என்று கேட்கலாம். அது சிறுநீர் இறங்கும் குழாயும் சிறுநீரகத்தின் மேலுறையும் இழுபடுவதால் வரும் வலி. உள்ளே வடிகட்டும் சதைக்கு வலியைச் சொல்லும் நரம்பு கிடையாது. வீடு எரிகிறது, புகை இல்லை, சூடும் இல்லை.

தீ என்றதும் அதைப் பகையாக நினைத்துவிடக் கூடாது. 1901இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் கிள்ளான் துறைமுகம் திறந்த கையோடு மலேரியா அதை முடக்கிப்போட்டது. அந்த வருடம் கிள்ளானுக்கு மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்து நீரை வடித்து, புதர்களை வெட்டி, கொசுவோடு போராடினார். மருத்துவமும் வடிகாலும் எட்டாத தோட்டங்களில் எங்கள் பாட்டன் பூட்டிகள் பிழைத்தது, கிருமி நுழைந்ததும் உடம்புக்குள் பற்றிக்கொள்ளும் இந்தத் தீயால்தான். காய்ச்சல் அதன் ஒரு முகம். காயம் ஆறுவதும் அதன் வேலை. கிருமியைக் கொல்ல வெள்ளையணுக்கள் வரும், இடிபாட்டை விழுங்கும், புதுத் திசு கட்ட ஆள் அனுப்பும், பிறகு கலைந்துபோகும். கலைந்துபோவது அந்த வேலையின் ஒரு பாகம். நாள்பட்ட சிறுநீரக நோயில் அந்தக் கடைசிப் பாகம் மட்டும் நடப்பதில்லை, ஏனென்றால் வரவழைத்த காரணம் அப்படியே இருக்கிறது.

அந்தக் காரணத்தைப் பார்க்கச் சிறுநீரகத்துக்குள் கொஞ்சம் இறங்க வேண்டும். இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கைமுட்டி அளவே உள்ள இந்த இரண்டு உறுப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் நெஃப்ரான்கள். ஒவ்வொரு நெஃப்ரானின் தலையிலும் நூல்கண்டுபோல் சுருண்ட தந்துகிக் குழாய்கள், அதுதான் சல்லடை. அதைத் தொடர்ந்து வளைந்து வளைந்து போகும் நுண்குழாய். சல்லடை ஒரு நாளைக்கு 180 லிட்டர் நீரை வடிக்கிறது. நாம் கழிப்பது ஒன்றரை, இரண்டு லிட்டர். மிச்சம் முழுவதையும் நுண்குழாய்ச் செல்கள் சலிக்காமல் திரும்ப இழுத்துக்கொள்கின்றன, அதிலிருக்கும் உப்போடும் சர்க்கரையோடும் சேர்த்து.

சர்க்கரையின் பெரும்பகுதி, கொஞ்சம் உப்பையும் கூட்டிக்கொண்டு, ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே இழுக்கப்படுகிறது. எஸ்ஜிஎல்டி2 என்று அந்த வாசலுக்குப் பெயர். பின்னால் மறுபடி வரும், நினைவில் இருக்கட்டும். இனிப்புநீர்க்காரரின் வடிநீரில் சர்க்கரை நிறைய இருப்பதால் வாசல் ஓயாமல் திறந்து மூடி உப்பையும் கூடுதலாக உள்ளே இழுத்துவிடுகிறது. நுண்குழாயில் சற்றுத் தள்ளி, கடந்துபோகும் உப்பை அளக்கும் காவல் செல்கள் சில உண்டு. அவற்றுக்கு வந்து சேரும் உப்பு குறைவு. அவை ‘ஐயோ, சல்லடை சரியாக வடிக்கவில்லை போலிருக்கிறது’ என்று தப்புக்கணக்குப் போட்டு, ரத்தம் நுழையும் குழாயை அகலமாகத் திறந்துவிடச் சொல்கின்றன. சல்லடையில் அழுத்தம் ஏறுகிறது. ஆரம்ப வருடங்களில் இந்த மனிதரின் சிறுநீரகம் அளவுக்கு மீறி வேலை செய்யும். ரத்தப் பரிசோதனைத் தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும், சிலருக்குச் சரியைவிட மேலாகவும் இருக்கும். மோட்டாரை வருடக்கணக்கில் முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன ஆகுமோ அது ஆகிறது. சல்லடைக் கண்கள் தளர்ந்து, ரத்தத்திலேயே தங்க வேண்டிய அல்புமின் புரதம் கசியத் தொடங்குகிறது.

தீ சரியாக இந்த இடத்தில் பற்றுகிறது. கசிந்து வந்த அல்புமினை நுண்குழாய்ச் செல்கள் விழுங்கித் தீர்க்கப் பார்க்கின்றன. அளவு மிஞ்சும்போது அந்தச் செல்களுக்குள் அபாய மணி அடிக்கிறது. இன்னொரு பக்கம், வருடக்கணக்காகச் சர்க்கரையில் ஊறிய புரதங்கள் தடித்து முறுகிப்போய், வெள்ளையணுக்களின் கண்ணுக்கு அந்நியப் பொருள்களாகத் தெரிகின்றன. செல்கள் ரசாயன அழைப்பு விடுக்கின்றன. ரத்தத்திலிருந்து ஒற்றையணுக்கள் இறங்கி வந்து திசுவுக்குள் பெருவிழுங்கிகளாக மாறிக் குடியேறுகின்றன. கிருமியைத் தேடி வந்தவை, கிருமி இல்லை. ஆனாலும் அவை வேலை செய்யாமல் இருப்பதில்லை. தம் ஆயுதங்களை அங்கேயே வீசுகின்றன. காயம் ஆறவேண்டும் என்று டிஜிஎஃப்-பீட்டா என்ற கட்டளைப் பொருளையும் சுரக்கின்றன. அந்தக் கட்டளையைக் கேட்ட நார்ச்செல்கள் கொலாஜன் நூற்கின்றன. கையில் வெட்டுப்பட்டால் தழும்பு வந்து மூடுவது நல்லது. நுண்குழாய்களுக்கு நடுவே தழும்பு வந்தால் அது அவற்றை நெரிக்கிறது, பக்கத்துத் தந்துகிகளை அடைக்கிறது, ஆக்சிஜன் குறைகிறது, மேலும் செல்கள் சாகின்றன, மேலும் அழைப்பு போகிறது. ஒரு சிறுநீரகம் எத்தனை காலம் தாங்கும் என்பதைச் சல்லடையில் தெரியும் சேதத்தைவிட, இந்த இடைவெளியில் படிந்த தழும்பின் அளவே நன்றாகச் சொல்கிறது என்று திசுத்துண்டை நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவர்கள் வெகுகாலமாகச் சொல்லிவருகிறார்கள்.

மூல காரணமாக எப்போதும் சர்க்கரையே இருக்க வேண்டும் என்பதில்லை. உயர் ரத்த அழுத்தம் அடுத்த பெரிய காரணம். லூப்பஸ், ஐஜிஏ நெஃப்ரோபதி போன்ற நோய்களில் நோயெதிர்ப்பு அமைப்பு சல்லடையை நேராகவே தாக்குகிறது. அங்கே அழற்சிதான் நோய். ஸ்டீராய்டு போன்ற மருந்துகளால் அதை அடக்குவதும் சிகிச்சையின் பகுதி. நான் பேசுவது மற்றதைப் பற்றி: தீ பின்னால் வந்து சேர்ந்து, பிறகு வீட்டுக்காரனாகிவிடும் வகை.

நம்மவர்களுக்கு இது ஏன் இவ்வளவு அதிகம் என்றால், முதலில் இடுப்பைப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. தெற்காசிய உடல்வாகில் ஒரு தந்திரம் இருக்கிறது. கை கால் மெலிந்திருக்கும், எடை பார்த்தால் சாதாரணம், கொழுப்பு முழுவதும் வயிற்றுக்குள் குடல்களைச் சுற்றிப் படிந்திருக்கும். 1993இல் அமெரிக்க ஆய்வாளர்கள் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளைச் சுரப்பதைக் காட்டினார்கள். அதுவரை கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் சேமிப்பு என்ற எண்ணம்தான். ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்று இடுப்பளவுக்கு வரம்பு வைத்திருப்பதற்குப் பின்னால் இந்த மாதிரியான கண்டுபிடிப்புகள் இருக்கின்றன. பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். நினைத்துக்கொண்டே இன்னொரு கரண்டி சோறும் கேட்பேன். 2019 ஜூலையில் அரசாங்கம் புட்டியில் வரும் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது நல்ல காரியம். ஆனால் நமக்குத் தினமும் உள்ளே போகும் சர்க்கரையில் கணிசமான பங்கு கெட்டிப்பால் ஊற்றி இழுத்த தேத்தாரிக்கில் இருக்கிறது, கடையில் கலக்கும் அதற்கு அந்த வரி இல்லை.

சிறுநீரக நோயின் கணக்கு இன்னும் கலக்கமூட்டுவது. 2011இல் மேற்கு மலேசியாவில் எடுத்த ஆய்வு, பெரியவர்களில் 9.07 விழுக்காட்டினருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகச் சொன்னது. 2018இல் நாடு முழுவதும் எடுத்த ஆய்வில் அது 15.48 விழுக்காடு. எனக்கு இந்த எண்களைவிட அவற்றின் பக்கத்தில் இருக்கும் இன்னொரு எண்தான் உறைத்தது. நோய் இருந்தவர்களில் தமக்கு அது இருப்பதை அறிந்திருந்தவர்கள் முதல் ஆய்வில் நூற்றுக்கு நான்கு பேர், அடுத்ததில் ஐந்து பேர். மற்ற தொண்ணூற்றைந்து பேர் வேலைக்குப் போய்க்கொண்டு, கோயிலுக்குப் போய்க்கொண்டு, கல்யாணத்தில் மொய் எழுதிக்கொண்டு இருக்கிறார்கள். நாட்டில் சுத்திகரிப்பில் இருப்போர் தொகை 50 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வருகிறவர்களில் பாதிக்கு மேல் இனிப்புநீர்க்காரர்கள். 1969இல் தொடங்கிய தேசிய சிறுநீரக அறக்கட்டளை பெட்டாலிங் ஜெயாவில் தலைமையகம் வைத்து நடத்தும் மையங்கள், தனியார் மையங்கள், அரசு மருத்துவமனைகள், செலவில் கைகொடுக்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ, எல்லாம் சேர்ந்தும் நாற்காலி போதவில்லை.

இனி அந்தப் பல்லுக்கு வருவோம்.

சிறுநீரகத்தில் தொடங்கிய தீ அங்கேயே நிற்பதில்லை. அழற்சித் தூதுப் பொருள்களை ரத்தத்திலிருந்து அகற்றும் வேலையும் ஓரளவு சிறுநீரகத்துடையது. அது தளரும்போது அவை தேங்குகின்றன. யூரியா குடலுக்குள் கசிந்து, அங்குள்ள பாக்டீரியாவால் அமோனியாவாகி, குடற்சுவரின் கட்டை நெகிழ்த்துகிறது. பாக்டீரியாவின் துணுக்குகள் ரத்தத்துக்குள் நழுவுகின்றன. இப்படி நாலா பக்கமும் விறகு சேர, கல்லீரலுக்கு இன்டர்லூக்கின்-6 என்ற தூதன் இடைவிடாமல் சேதி கொண்டுவந்துகொண்டே இருக்கிறான். கல்லீரல் போர்க்கால உற்பத்திக்கு மாறுகிறது. சி-ரியாக்டிவ் புரதத்தைப் பெருக்குகிறது (1930இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டெடுத்தது இது, இன்று அழற்சியை அளக்கும் சாதாரணச் சோதனை). அல்புமின் உற்பத்தியைக் குறைக்கிறது. கூடவே ஹெப்சிடின் என்ற சின்னஞ்சிறு ஹார்மோனைக் கொட்டுகிறது.

ஹெப்சிடின் கண்டுபிடிக்கப்பட்டு இருபத்தைந்து ஆண்டுதான் ஆகிறது. 2000இல் ஜெர்மனியில் ரத்தத்தை வடித்த நீரிலிருந்தும், 2001இல் அமெரிக்காவில் மனிதச் சிறுநீரிலிருந்தும் அதைப் பிரித்தெடுத்தார்கள். கிருமிகளும் வளர இரும்பு வேண்டும் அல்லவா? உடம்பு காய்ச்சலில் இருக்கும்போது இரும்பைக் கிருமி கையில் சிக்காமல் பூட்டி வைப்பது ஹெப்சிடினின் வேலை. குடலிலிருந்து இரும்பு ரத்தத்துக்குள் நுழையும் கதவையும், பெருவிழுங்கிகள் சேமித்து வைத்த இரும்பு வெளியே வரும் கதவையும் அது அடைத்துவிடுகிறது. மூன்று நாள் காய்ச்சலுக்கு இது அருமையான ஏற்பாடு. மூன்று வருட அழற்சிக்கு? களஞ்சியம் நிரம்பியிருக்கும், சாவி தொலைந்திருக்கும். மஜ்ஜைக்கு ஹார்மோன் ஊசி போட்டு ‘உண்டாக்கு, உண்டாக்கு’ என்று விரட்டினாலும் இரும்பு இல்லாமல் அது எதை வைத்து ஹீமோகுளோபின் செய்யும்?

அதனால்தான் ஊசி வேலை செய்யாத நோயாளியைக் கண்டால் அனுபவசாலிகள் அழற்சியின் மூலத்தைத் தேடத் தொடங்குகிறார்கள். கழுத்தில் செருகிய குழாயில் ஒட்டிய கிருமிப் படலமா, கைவிடப்பட்ட பழைய செயற்கை ரத்தக்குழாயா, உள்ளே செயலற்றுக் கிடக்கும் முன்னாள் மாற்றுச் சிறுநீரகமா, காலில் ஆறாத புண்ணா, சொத்தைப் பல்லா? ஈறுநோய் வலியில்லாமலே பல வருடம் இருக்கக்கூடியது. பெரியப்பாவின் கீழ்க்கடைவாயில் மூன்று பல் ஆடிக்கொண்டிருந்தன, வேரடியில் சீழ். “சோறு மெல்ல அந்தப் பக்கம் போறதில்ல, அவ்வளவுதான்” என்றார். எடுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் அசையாத எண் அடுத்த சில மாதங்களில் மெல்ல ஏறியது. பல்லே முழுக் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன்; மிஸ்ஸி மட்டும் அதில் சந்தேகமே படவில்லை.

ரத்தசோகை இந்தக் கதையில் சிறிய கிளை. பெரிய கிளை இதயம். நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களில் பலர் சுத்திகரிப்பு நாற்காலி வரை வருவதே இல்லை; அதற்கு முன்பே மாரடைப்போ இதயச் செயலிழப்போ கொண்டுபோய்விடுகிறது. சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து மருத்துவர் பீட்டர் ஸ்டென்விங்கெலும் சகாக்களும் 1999 வாக்கில், இந்த நோயாளிகளிடம் உடல் மெலிவும் அழற்சியும் ரத்தக்குழாய்த் தடிப்பும் ஒரே கயிற்றில் கட்டினாற்போல் சேர்ந்து வருவதைச் சுட்டிக்காட்டினார்கள். பசிக்கவில்லை, சாப்பிடவில்லை, அதனால் மெலிந்தார் என்று வீட்டில் நினைப்போம். தீ தசையைத் தின்கிறது, பசியையும் அதுவே கெடுக்கிறது. சிறுநீரக நோயாளியின் ரத்தத்தில் அல்புமின் குறைந்திருந்தால் ‘முட்டை சாப்பிடுங்க’ என்று சொல்வதில் தவறில்லை; ஆனால் முட்டை மட்டுமே அதைத் தூக்கிவிடாததற்குக் காரணம் இருக்கிறது.

சுத்திகரிப்பே கொஞ்சம் விறகு போடும் என்பது இன்னொரு சங்கடம். இயந்திரத்தில் செயற்கைச் சவ்வின் ஒரு பக்கம் ரத்தம், மறுபக்கம் நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் சுத்திகரிப்பு நீர். நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர், வாரத்துக்கு 360. நாம் குடிக்கும் தண்ணீரைவிடப் பல மடங்கு சுத்தம் தேவை, ஏனென்றால் இங்கே குடல் என்ற காவல் இல்லை. இறந்த பாக்டீரியாவின் துணுக்கு சவ்வைக் கடந்தாலே போதும், வெள்ளையணுக்கள் விழித்துக்கொள்ளும். பழைய செல்லுலோஸ் சவ்வுகளில் ரத்தம் பட்டதுமே நோயெதிர்ப்புப் புரதங்கள் உசுப்பப்படுவது 1970களில் தெரியவந்தது. பிறகுதான் இன்றைய சாதுவான சவ்வுகள் வந்தன. ஆக ஒவ்வொரு மையத்தின் பின்னறையிலும் கரித்தொட்டி, எதிர்ச்சவ்வூடு வடிகட்டி என்று ஒரு குட்டித் தண்ணீர் ஆலையே ஓடிக்கொண்டிருக்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்த ஆலைக்கு வரும் தண்ணீரே திடீரென்று நின்றுபோவதும் உண்டு. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆற்றில் கழிவு கலந்து நான்கு நீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களை மூடினார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் குழாய் காய்ந்தது. வீடுகளில் குடம் தேடி அலைந்தோம். மருத்துவமனைகளுக்கும் சுத்திகரிப்பு மையங்களுக்கும் தண்ணீர் லோரி முதலில் போக வேண்டும் என்று விதி இருப்பது ஏன் என்று அன்றைக்குப் புரியாமல் முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன்.

அழற்சிதான் பிரச்சினை என்றால் அழற்சியைக் குறைக்கும் மாத்திரை போட்டால் தீர்ந்தது என்று தோன்றும். இந்த எண்ணம்தான் ஆபத்து. மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் வாங்கி விழுங்கும் டிக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுரூஃபென் எல்லாம் அழற்சியைக் குறைப்பவைதான், முழங்காலில். சிறுநீரகத்தில் அவை வேறு காரியம் செய்கின்றன. சல்லடைக்குள் ரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அந்த மாத்திரைகள் அதன் உற்பத்தியைத்தான் தடுக்கின்றன. ஆரோக்கியமான இளைஞருக்கு ஒருநாள் அது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே தழும்பேறி, மிச்சமிருக்கும் நெஃப்ரான்களை வைத்துச் சமாளித்துக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தில் ரத்த ஓட்டம் சட்டென்று வற்றும். வாந்திபேதியோ நீர்மாத்திரையோ அதோடு சேர்ந்தால் ஒரே வாரத்தில் நிலைமை கவிழும். எரிகிற வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயை மூடிய கதை. சந்தையில் ‘மூலிகை’ என்று விற்கும் சில வலிநிவாரணிகளில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. மூன்றாம் நாளே வலி பறந்துவிட்டால், புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று சந்தேகப்படுவது நல்லது. இன்னொன்று, ‘உடம்புச் சூடு’ என்று இளநீர் குடிக்கிற வழக்கம். சிறுநீரகம் முற்றிலும் தளர்ந்தவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத் துடிப்பையே குலைக்கும். நட்சத்திரப் பழமோ அதைவிட மோசம். அதிலிருக்கும் ஒரு நச்சு அவர்களுக்கு விடாத விக்கலையும் வலிப்பையும் கொண்டுவரும்.

பெரிய மருந்தாய்வுகளும் தீயோடு நேருக்கு நேர் மோதிப் பார்த்திருக்கின்றன. செல்களின் அழற்சியைத் தணிக்கும் என்று நம்பிய பார்டாக்ஸலோன் மருந்தை இனிப்புநீரால் சிறுநீரகம் வெகுவாகக் கெட்ட 2,185 பேரிடம் சோதித்தார்கள். இதயச் செயலிழப்பு அதிகமாகவே 2012இல் ஆய்வையே நிறுத்த வேண்டி வந்தது. 2017இல் வெளிவந்த கேண்டோஸ் ஆய்வு வேறு கதை. மாரடைப்பு வந்துபோன 10,061 பேரிடம், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற ஒற்றைத் தூதனை மட்டும் தடுத்தார்கள். கொழுப்பின் அளவு மாறவே இல்லை, ஆனாலும் அடுத்த மாரடைப்புகள் குறைந்தன. அழற்சி வெறும் சாட்சி இல்லை, குற்றவாளிகளில் ஒருவன் என்பதற்கு அது அழுத்தமான ஆதாரம். விலையும் இருந்தது: மருந்து பெற்றவர்களில் கிருமித் தொற்றால் இறந்தவர்கள் கூடினார்கள். கிள்ளானில் ஒரு காலத்தில் எங்கள் முன்னோரைக் காத்த அதே தீயைத்தானே அணைத்தார்கள்.

விறகை எடுத்துவிட்டால் தீ தானே தணியாதா? இந்த வழியில் கிடைத்த பலன்தான் இதுவரை பெரியது. அந்த வாசல் நினைவிருக்கிறதா, சர்க்கரையும் உப்பும் சேர்ந்து நுழையும் எஸ்ஜிஎல்டி2? அதை அடைக்கும் மாத்திரைகள் வந்திருக்கின்றன. அவற்றின் மூதாதை, 1835இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து எடுத்த ஃபுளோரிசின். வாசலை அடைத்ததும் சர்க்கரை சிறுநீரோடு போய்விடுகிறது (இனிப்புநீர் என்ற பெயர் அப்போதுதான் முழுக்கப் பொருந்துகிறது). உப்பு காவல் செல்களிடம் வந்து சேர்கிறது. அவை பதற்றம் தணிந்து நுழைவாயிலைச் சுருக்குகின்றன. சல்லடையில் அழுத்தம் இறங்குகிறது, அல்புமின் கசிவு குறைகிறது, அழைப்பு குறைகிறது, பெருவிழுங்கிகளுக்கு வேலை குறைகிறது. மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் சிறுநீரகத் திறன் எண் சற்றுக் கீழே இறங்குவது இதனால்தான். விவரம் தெரியாதவர்கள் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இப்படியொரு மாத்திரையைச் சோதித்த எம்பா-கிட்னி என்ற ஆய்வில் 6,609 பேர். பாதிக்கு மேற்பட்டோருக்கு இனிப்புநீரே கிடையாது. நோய் முற்றுவதோ இதயத்தால் இறப்பதோ 28 விழுக்காடு குறைந்தது, ஆய்வை முன்கூட்டியே முடித்து 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அதை நடத்திய எட்டே நாடுகளில் மலேசியாவும் ஒன்று. நம் ஊர் நோயாளிகளின் சிறுநீரும் அந்த எண்ணுக்குள் இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.

அழுத்தத்தைத் தளர்த்தும் பழைய ஏசிஇ தடுப்பு மாத்திரைகள், தழும்பாக்கத்தையும் அழற்சியையும் ஒருங்கே மட்டுப்படுத்தும் ஃபினெரனோன், 2024இல் சிறுநீரகத்திலும் பலன் காட்டிய செமாகுளுடைட் ஊசி என்று வரிசை நீள்கிறது. எதுவும் படிந்த தழும்பைக் கரைப்பதில்லை. பெரியப்பாவுக்கு இவற்றில் புதியவை பத்து வருடம் பிந்தி வந்தவை. தழும்பு பெருகுவதற்கு முன் பிடித்தால்தான் இவற்றுக்கு முழு மதிப்பு. பிடிக்க ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி போதும். சிறுநீரில் அல்புமினுக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதம் ஒரு மில்லிமோலுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் சல்லடை கசிகிறது என்று பொருள், ரத்தத்தில் கிரியேட்டினின் இன்னும் அழகாக இருந்தாலும்.

பெரியப்பாவின் மூத்த மகனுக்கு நாற்பத்தொரு வயது. அப்பாவைப் போலவே லோரி, அப்பாவைப் போலவே இனிப்புநீர். போன மாதம் வற்புறுத்தி அவனை அரசு சுகாதார நிலையமான கிளினிக் கேசிஹாத்தானுக்கு அழைத்துப் போனேன். முடிவு 9 என்று வந்தது. “எங்கேயும் வலிக்கலயே, அண்ணே” என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். காய்ச்சலோ கடுமையான உழைப்போ தற்காலிகமாக இந்த எண்ணை ஏற்றும், மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உறுதிசெய்வோம் என்றார் மருத்துவர். அந்தத் தேதிகளை அவன் வீட்டு நாள்காட்டியில், லோரிக்கு ரோட் டெக்ஸ் கட்ட வேண்டிய நாளுக்குப் பக்கத்தில், அதே சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருக்கிறான்.